என் பாஸ்வேர்டில் திறந்த ரிப்போர்ட்

அந்த லேபில் நான் வேலைக்குச் சேர்ந்தது ரிப்போர்ட் டைப் செய்வதற்காக. டெக்னீஷியன் பென்சிலால் எழுதிக் கொடுக்கும் எண்களைப் பார்த்து அடித்து, லேபை நடத்தும் டாக்டரம்மாவிடம் கையெழுத்து வாங்கி, கவரில் போட்டுக் கொடுக்க வேண்டும். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் சாலையில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது லேப். பௌர்ணமி வந்தால் கீழே தெரு முழுக்க ஜனம் நகரும். மற்ற நாட்களில் சாம்பிள் கொடுக்க வந்தவர்கள் காலையில் வெறும் வயிற்றோடு படியில் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் படித்தது பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர். அதனால் பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் சரி, மின்விசிறி சுற்றாவிட்டாலும் சரி, என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஏழெட்டு வருடங்களில் கம்ப்யூட்டர் ஒன்று மூன்றானது. கலெக்டர் ஆபீஸ் பக்கம் வீடுகள் பெருகியதால் வேங்கிக்காலில் ஒரு கலெக்‌ஷன் சென்டரும் திறந்தோம். அங்கே ரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து டவுனுக்கு அனுப்புவார்கள், ரிப்போர்ட்டை நாங்கள் அனுப்புவோம். அதற்குள் இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது.

மூன்று கம்ப்யூட்டர்களிலும் இருந்தது யாரோ கொடுத்த சிடியிலிருந்து ஏற்றிய சிஸ்டம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். அது காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் என்பதே எங்களுக்கு உறைக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை எந்த ரிப்போர்ட்டும் திறக்கவில்லை. வைரஸ். சனிக்கிழமை கொடுத்திருக்க வேண்டிய ரிப்போர்ட்டுகளில் பாதிக்குப் பென்சில் காகிதமும் குப்பைக்குப் போய்விட்டிருந்தது. ஆட்களை மறுபடி வரச் சொல்லி ரத்தம் எடுத்தோம். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு பெரியவர், "ஏம்மா, போன வாரம் எடுத்த ரத்தம் இன்னா ஆச்சு? பத்தலியா?" என்று கேட்டுக்கொண்டே சட்டைக் கையை மடித்தார். டாக்டரம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அன்று மத்தியானம் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"இனிமே திருட்டு சாமான் வேணாம். எல்லா ரிப்போர்ட்டும் ஒரே எடத்துல இருக்கணும், வேண்டாதவங்க கை படக்கூடாது. என்ன வழி இருக்குன்னு விசாரிச்சு எழுதிக் குடு."

விசாரித்தேன். சென்னையிலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே இடத்தில் வைக்கும் சர்வருக்கு ஒரு விலை, அதோடு சேரும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி விலை, வைரஸ் தடுப்புக்கு வருடா வருடம் ஒரு விலை. ஆனால் நாகரிகமான மனிதர். "ராத்திரி பகல் எப்ப போன் பண்ணாலும் எங்க ஆளுங்க எடுப்பாங்க மேடம்" என்று ஒரு அட்டையை வைத்துவிட்டுப் போனார்.

இன்னொரு வழி லினக்ஸ், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய சிஸ்டம். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி என்னிடம் இருந்தது. அதை லேபில் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தேன். முதல் வாரம் திரையே வரவில்லை. இரண்டாவது வாரம் திரை வந்தது, டெலிபோனில் இன்டர்நெட்டோடு சேர்க்கும் மோடம் வரவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, என்னைப் போன்றவர்கள் கேள்வி கேட்கும் ஒரு மின்மடல் குழுவுக்கு எழுதினேன். திருவண்ணாமலை என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாத யாரோ ஒருவர், எந்த வரியை எந்த ஃபைலில் மாற்ற வேண்டும் என்று பொறுமையாகப் பதில் போட்டிருந்தார். மாற்றினேன். மோடம் கிர்ரென்று கத்திவிட்டு மறுமுனையோடு சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார்.

"எல்லாம் சரி. சும்மா குடுக்கறானே, அவனுக்கு என்ன லாபம்? சும்மா குடுக்கறவன் மேல எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம்."

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பதிலும் யோசித்து வைத்திருந்தேன்.

"மேடம், முன்னல்லாம் காசு வாங்கிட்டு ரத்தம் குடுக்கறவங்க இருந்தாங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. காசு வேணுமேன்னு நோயை மறைச்சுட்டுக் குடுத்தாங்கன்னு. சும்மா குடுக்க வர்றவங்க எதுக்கு மறைக்கப் போறாங்க?"

அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

"நல்லா மடக்கறே. ஆனா ஒண்ணு. சும்மா குடுத்தாலும் காசுக்குக் குடுத்தாலும், டெஸ்ட் பண்ணாம நாம எதையும் ஏத்தறதில்ல. இதை யாரு டெஸ்ட் பண்றது?"

"நான் பண்றேன் மேடம்."

"நீ மட்டுமா?"

"நான் மட்டும்தான்."

அந்தக் கேள்வியின் கனம் அன்று எனக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்திருக்கலாம். ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டார்.

ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. வைரஸ் என்ற பேச்சே இல்லை. வேங்கிக்கால் கம்ப்யூட்டர் டெலிபோன் வழியாக எங்கள் சர்வரோடு சேரும். அங்கே கவுண்டரில் இருந்த பெண் தன் லாகினைப் போட்டால், வேங்கிக்காலில் எடுத்த சாம்பிள்களின் ரிப்போர்ட் மட்டும் தெரியும். டவுனில் எடுத்தது தெரியாது. டெக்னீஷியனுக்கு அவர் செய்த பரிசோதனைகள் மட்டும். டாக்டரம்மாவுக்கு எல்லாம். நிர்வகிப்பவள் என்பதால் எனக்கும் எல்லாம். எந்த ரிப்போர்ட்டை எந்த லாகினில், எந்த இடத்திலிருந்து, எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று சர்வர் ஒரு ஃபைலில் வரி வரியாகக் குறித்துக்கொள்ளும்படி செய்திருந்தேன். யாரும் என்னை அதைச் செய்யச் சொல்லவில்லை. செய்ய முடிந்தது, செய்தேன்.

குறைகளும் இருந்தன. டைஃபாய்டு வந்து நான் பத்து நாள் படுத்தபோது ஒரு முறை மின்சாரம் போய் சர்வர் நின்றுவிட்டது. அதைக் கிளப்ப ஒருவருக்கும் தெரியவில்லை. டாக்டரம்மா கார் அனுப்பினார். காய்ச்சலோடு போய்க் கிளப்பிவிட்டு வந்தேன். வீட்டில் திட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. நானில்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது என்ற பெருமை.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. பௌர்ணமி அன்று வாகனம் எதுவும் நகராது, அதனால் எனக்கு அன்று லீவு. அப்படி ஒரு பௌர்ணமி நாளில், காலை பதினோரு மணிக்கு, வேங்கிக்காலிலிருந்து போன் வந்தது. கவுண்டர் பெண்தான்.

"அக்கா, ஒரு காய்ச்சல் பையன், டவுன்ல ரத்தம் குடுத்திருக்கான். ரத்தத்துல தட்டணு கம்மியாயிடுச்சான்னு டாக்டரு உடனே பாக்கணுமாம். அவங்கப்பா டவுனுக்குள்ள போக முடியாம இங்க வந்து நின்னுன்னு அழுவறாரு. என் லாகின்ல அது வரல."

டவுன் லேபுக்குப் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. டெக்னீஷியன் சாப்பிடப் போயிருக்கலாம். சைக்கிளில்கூட அந்தக் கூட்டத்தில் போக முடியாது. அந்த அப்பாவின் குரல் போனில் பின்னால் கேட்டது.

என் பாஸ்வேர்டைச் சொன்னேன். எழுத்து எழுத்தாக. அவள் திரும்பச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள். ரிப்போர்ட் கிடைத்தது, பையனை வேலூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், பிழைத்தான். அவன் அப்பா அடுத்த மாதம் ஒரு பை நிறைய வேர்க்கடலை கொண்டு வந்து கொடுத்தார்.

பாஸ்வேர்டை மறுநாளே மாற்றியிருக்க வேண்டும். மாற்ற ஒரு நிமிடம் போதும். மாற்றவில்லை. ஏன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. இன்னொரு முறை இப்படி அவசரம் வந்தால் உபயோகப்படுமே என்று மனதின் ஒரு மூலையில் இருந்தது. அவள் நல்லவள். பதினைந்து வயதுப் பெண்ணின் தாய். ஒரு சாம்பிளில்கூட பெயர் மாற்றி எழுதாதவள்.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலை, முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் லேபுக்கு வந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம், விவசாயம். நேராக டாக்டரம்மா அறைக்குப் போய் நின்றார். நான் அப்போது அங்கே கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

"டாக்டரம்மா, என் தங்கச்சி டீச்சரு. ஸ்கூல்ல ரத்ததான கேம்ப்ல ரத்தம் குடுத்தா. அதுல ஏதோ இருக்கு, டெஸ்ட் பண்ணிக்கோன்னு சொல்லி அனுப்புனாங்க. இங்கதான் பண்ணோம்."

டாக்டரம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. கல்லீரலைத் தாக்கும் பி வகைக் காமாலைக் கிருமி. பாசிடிவ் என்று வந்திருந்தது. பெரும்பாலான பெரியவர்களுக்கு உடம்பே அதை விரட்டிவிடும், ஆறு மாதம் கழித்து வந்து மறுபடி பாருங்கள் என்று அந்தப் பெண்ணிடம் அவரே சொல்லி அனுப்பியிருந்தார்.

"வூட்ல எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். எங்க அம்மாகிட்டகூட சொல்லல. நேத்து மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்து நிச்சயத்தை முறிச்சுட்டாங்க. பொண்ணுக்கு நோவு இருக்காமே, மறைச்சுட்டீங்களேன்னு கேக்கறாங்க. ரிப்போர்ட் என்னிக்கு வாங்குனோம்னு தேதியோட சொல்றாங்கம்மா. அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாக்கறேன் மேடம்" என்றேன்.

வந்தவர் போன பிறகு சர்வர் முன்னால் உட்கார்ந்து, யார் எதைத் திறந்தார்கள் என்று குறித்துவைக்கும் அந்த ஃபைலைத் திறந்தேன். அந்த ரிப்போர்ட் எண்ணைக் கொடுத்துத் தேடினால் நொடியில் வந்துவிடும். வந்தது. நாலு வரி. டெக்னீஷியன் ஏற்றியது. டாக்டரம்மா பார்த்தது. நான் அச்செடுத்தது. நாலாவது வரியிலும் என் லாகின்தான். ஆனால் இடம் வேங்கிக்கால். மத்தியானம் ஒன்று இருபது. அந்த நேரத்தில் நான் டவுன் லேபில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பிறகு வேங்கிக்காலுக்குப் பஸ் ஏறினேன்.

அவள் மறைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டாள்.

"மாப்பிள்ளை எங்கக்கா வூட்டுக்காரரோட தம்பிக்கா. அந்தப் பொண்ணு லேப் படியில ஏறுனத எங்கக்கா பாத்துட்டா. 'ஏன்டி, உங்க லேப்தானே, இன்னான்னு பாத்துச் சொல்லுடி'ன்னு தெனம் போன் பண்ணா. நீங்க சொன்ன பாஸ்வேர்டு நெனப்புல இருந்துச்சு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கூடப் பொறந்தவ என்னியத்தானே கேப்பா? நீயாயிருந்தா சொல்லாம இருப்பியாக்கா?"

கடைசியில் "நீங்க" போய் "நீ" வந்துவிட்டிருந்தது. அடுத்த பஸ்ஸில் டவுனுக்குத் திரும்பினேன்.

டாக்டரம்மாவிடம் அன்றே சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் போனபோது அறையில் அந்த சென்னைப் பிரதிநிதி உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மாதான் கூப்பிட்டிருந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

"நடந்ததைக் கேட்டேன் மேடம். வருத்தமா இருக்கு" என்றார் அவர். "நான் அப்பவே சொன்னேன். இலவச சிஸ்டத்துல உள்ள எழுதியிருக்கிறதை உலகத்துல யாரு வேணா எடுத்துப் படிக்கலாம். பூட்டு செஞ்ச விதத்தைத் தெருவுல ஒட்டி வெச்ச மாதிரி. எங்கேயாவது ஓட்டை இருந்தா எவனாவது கண்டுபிடிச்சுப் பூந்துடுவான். எங்களுதுல அது நடக்காது. நடந்தாலும் பொறுப்பேத்துக்க கம்பெனி இருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். எல்லோரும் படிக்க முடிந்தால் ஓட்டையை அடைப்பவர்களும் படிப்பார்களே என்று வேறொரு நாளாக இருந்தால் நான் வாதாடியிருப்பேன். அன்று வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் எனக்கு ஒரு வழி தெரிந்தது. நான் பேசாமல் இருந்தால் போதும். யாரோ முகம் தெரியாதவன் வெளியிலிருந்து புகுந்துவிட்டான், இலவசத்தில் ஓட்டை என்று முடிவாகிவிடும். புது சர்வர் வரும். பழையதை நானே துடைத்து வைப்பேன். அந்த வரியும் போய்விடும். போகாவிட்டாலும் அந்த ஃபைல் என் கையில். ஒரு வரியை அழிக்க அரை நிமிடம்கூட ஆகாது, அழித்த சுவடும் தெரியாது. என் வேலையும் அவள் வேலையும் மிஞ்சும். பழி ஒரு சிடியின் மேல் விழும். அதற்கு என்ன, குடும்பமா குட்டியா?

டாக்டரம்மா அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க சிஸ்டத்தை வாங்கறோம்னே வெச்சுக்குவோம். அதை நடத்தறவங்களே தப்பு பண்ணா அது தடுக்குமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அட்மினிஸ்ட்ரேட்டருக்கு எல்லா அதிகாரமும் இருக்கும் மேடம். அவங்களை நம்பித்தான் ஆகணும். அது எந்த சிஸ்டமா இருந்தாலும்."

டாக்டரம்மா தலையாட்டினார். என்னைச் சந்தேகப்பட்டு அதைக் கேட்டாரா, சாதாரணமாகக் கேட்டாரா என்று தெரியாது. பின்னாலும் நான் கேட்கவில்லை. ஆனால் அந்த 'நம்பித்தான் ஆகணும்' என்ற வார்த்தைக்குப் பிறகு என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"வெளியில இருந்து யாரும் வரல மேடம்" என்றேன். "சிஸ்டத்துல ஓட்டை இல்ல. என் பாஸ்வேர்டுலதான் போயிருக்கு. நான்தான் அதை வேங்கிக்காலுக்குக் குடுத்தேன்."

சென்னைக்காரர் பையை எடுத்துக்கொண்டு, "நான் கீழ டீ சாப்ட்டுட்டு வரேன் மேடம்" என்று எழுந்து போய்விட்டார். அந்தப் பண்பை நான் மறக்கவில்லை.

முழுவதையும் சொன்னேன். முடிந்ததும் டாக்டரம்மா, "மூணு நாளா தெரியுமா உனக்கு?" என்று மட்டும் கேட்டார். "தெரியும்" என்றேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனார். களத்தில் வேர்க்கடலை காயப்போட்டிருந்தார்கள். அண்ணன் எங்களை உள்ளே கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை. டாக்டரம்மா நின்றபடியே பேசினார். "தப்பு எங்க லேப்ல நடந்தது. யாரு பண்ணதுன்னு பார்த்துட்டோம். மன்னிப்பு கேக்க வந்திருக்கோம்."

நானும் என் பங்குக்குச் சொன்னேன். வார்த்தை கோர்வையாக வரவில்லை.

"மன்னிப்பு கேட்டா நிச்சயம் திரும்ப வந்துடுமா?" என்றார் அண்ணன்.

டீச்சர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்கு வந்தவர்களை நிற்க வைத்துவிட்டோமே என்று கூச்சப்பட்டாளோ என்னவோ, ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து டாக்டரம்மாவிடம் நீட்டினாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"வேற யாரோட ரிப்போர்ட்டையும் இப்பிடிப் பாத்திருக்காங்களா?"

தன்னைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. நல்லவேளை, அதை நான் தேடிப் பார்த்திருந்தேன். "இல்லைங்க. உங்களது ஒண்ணுதான். அதுக்கு முன்னாடி ஒரு காய்ச்சல் பையனோடது, அது நானே பாக்கச் சொன்னது."

"அந்தப் பையன் நல்லாருக்கானா?"

"நல்லாருக்கான்."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேங்கிக்கால் பெண்ணை டாக்டரம்மா வேலையை விட்டு அனுப்பினார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பாஸ்வேர்டைக் கொடுத்தவள் நான், மூன்று நாள் மறைத்தவளும் நான். ஏன் என்று கேட்டே விட்டேன். டாக்டரம்மா ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: "உன்னையும் அனுப்பிட்டா அந்தப் பொட்டியை யாரு ஓட்டறது? அதுதான் இப்ப எனக்குக் கோவம். உன்மேல இல்ல. நீ இல்லாட்டி ஓடாதுங்கற மாதிரி விட்டுட்டேன் பாரு, என்மேல."

இலவச சிஸ்டத்துக்கு விலை இல்லை என்று நாலு பக்கம் எழுதிக் கொடுத்தவள் நான். அதற்கு விலை இருந்தது. அந்த விலை நான்தான். எனக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாமல் வைத்திருந்ததுதான் அந்த விலை. வேங்கிக்கால் பெண் கவுண்டரில் செய்த வேலையை ஒரு வாரத்தில் வேறொருவர் கற்றுக்கொண்டுவிட்டார். அதனால் அவள் போனாள், நான் இருந்தேன். அந்த அநியாயத்தை என்னால் சரிசெய்ய முடியவில்லை. அவள் வீட்டுக்கு ஒரு முறை போனேன். கதவைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடிவிட்டாள்.

அடுத்த இரண்டு மாதம் இரண்டு சிஸ்டங்களையும் மறுபடி எடைபோட்டோம். இந்த முறை கேள்விகளை டாக்டரம்மா கேட்டார். முதலில் அந்த ஃபைல். "நம்ம லேப் ரெஜிஸ்டர்ல மையிலதான் எழுதணும், தப்பா எழுதினா ஒரு கோடு போட்டுக் கையெழுத்துப் போடணும், அழிக்கக் கூடாது. இதையும் அப்பிடி வைக்க முடியுமா? நீயே நெனச்சாலும் அழிக்க முடியாத மாதிரி?"

யோசித்தேன். மூலையில் கிடந்த பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை அவர் அறையில் கொண்டுபோய் வைத்து, சர்வரோடு இணைத்தேன். யார் எந்த ரிப்போர்ட்டைத் திறந்தாலும் அந்த வரி அந்தக் கணமே தொடர் காகிதத்தில் கர்ரென்று அடிபடும். ஃபைலை அழிக்கலாம், காகிதத்தை அழிக்க முடியாது. அறையைப் பூட்டிச் சாவியை அவர் எடுத்துப் போவார். எங்கள் சிஸ்டத்தில் இதைச் செய்ய ஒரு வரி எழுதினால் போதுமாக இருந்தது. இதே வேலையை அவர்களுடையதில் செய்ய முடியுமா என்று சென்னைக்காரரைக் கேட்டபோது, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பதில் வந்தபோது இங்கே இரண்டு கட்டுக் காகிதம் தீர்ந்திருந்தது.

ஆனால் கவுண்டர் கம்ப்யூட்டர்களுக்கு அவரிடமே வாங்கினோம், முறையான உரிமத்தோடு, வைரஸ் தடுப்போடு. கவுண்டரில் வேலைக்கு வருகிறவர்களுக்குப் பழகிய சிஸ்டம் அதுதான். நான் இல்லாதபோது ஒரு போன் செய்தால் யாராவது வருவார்கள். சர்வர் மட்டும் லினக்ஸிலேயே இருந்தது, ஒரு நிபந்தனையோடு. தெரிந்த எல்லாவற்றையும் நான் தமிழில் எழுதி வைக்க வேண்டும், டெக்னீஷியன் அதைப் படித்து என் உதவி இல்லாமல் சர்வரை நிறுத்திக் கிளப்பிக் காட்ட வேண்டும். அவர் என்னைவிடப் பத்து வயது பெரியவர். முதலில், "எனக்கு ரத்தம் பாக்கத் தெரியும், இதெல்லாம் எதுக்கும்மா" என்றார். மூன்றாவது முயற்சியில் கிளப்பிவிட்டார். கிளப்பியதும் இரண்டு கையையும் தட்டிக்கொண்டார். எனக்கு அன்று கொஞ்சம் பொறாமையாக இருந்தது. மறைப்பானேன்.

ஆறு மாதக் கெடு முடிந்து டீச்சர் வந்தாள். தனியாகத்தான் வந்தாள். வர மாட்டாள், வேலூருக்கோ வேறெங்கோ போவாள் என்றுதான் நினைத்திருந்தேன். ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி என் மேசைக்கு வந்தாள்.

"இதை யாரெல்லாம் பாப்பாங்க?"

"டெக்னீஷியன் ஏத்துவார். டாக்டர் பாத்துக் கையெழுத்துப் போடுவாங்க. அச்செடுக்கிறதையும் இப்ப டெக்னீஷியனே பண்றாரு."

"நீங்க?"

"என்னால திறக்க முடியும். திறக்க மாட்டேன். திறந்தா டாக்டர் அறையில இருக்கற காகிதத்துல விழும்."

"நாளைக்கு வரும்போது அந்தக் காகிதத்தைப் பாக்கலாமா?"

மற்றவர்களின் பெயர் தெரியாமல் அவளுடைய வரிகளை மட்டும் காட்டலாம் என்று டாக்டரம்மா சொன்னார். மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். சாக்பீஸ் தூள் கையிலேயே இருந்தது. நான் காகிதத்தை மடித்து அவளுடைய வரிகளை மட்டும் காட்டினேன். ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, இது யார், இது யார் என்று கேட்டாள். சொன்னேன். என் லாகின் அதில் இல்லை. அவள் இரண்டாவது முறையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

கவரைப் பிரிக்காமலே வைத்திருந்தாள்.

"எனக்குப் பிரிக்க பயமா இருக்கு" என்றாள். "நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

"நானா?"

"ஆமா. நான்தானே சொல்றேன்."

கவரை வாங்கிப் பிரித்தேன். நெகடிவ் என்று இருந்தது. இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் சொன்னேன். அவள் பெரிதாக ஒன்றும் மகிழவில்லை. நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பிறகு ரிப்போர்ட்டை வாங்கி, கைப்பைக்குள் இருந்த ஒரு பாடநோட்டின் நடுவில் வைத்தாள்.

"நிச்சயம் முறிஞ்சது முறிஞ்சதுதான்" என்றாள், நான் எதுவும் கேட்காமலே. "அவங்க வூட்ல இருந்து போன வாரம் ஆள் அனுப்பிச்சாங்க. சரியாயிடுச்சுன்னா பேசலாமாம். எங்கண்ணன் யோசிக்கறாரு. நான் யோசிக்கல."

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அவசரம் இல்லை, ஏழு மணிக்கும் ஒன்று இருக்கிறது என்றேன். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம், பரீட்சைத்தாள் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.